கடுங்குளிரில் எஞ்சினைக் கிளப்புதல்

2025-ஆம் ஆண்டுக் குடியரசு தினத்தன்று புது டில்லியின் கர்த்தவ்ய பாதையில் அணிவகுத்துச் சென்ற படை வாகனங்களுள் இரண்டு, காண்போர் கவனத்தைத் தனியே ஈர்த்தன. ஒன்று, ராணா பிரதாபனின் குதிரையின் பெயரைத் தாங்கிய ‘சேதக்’. மற்றொன்று, அர்ச்சுனனின் குரங்குக் கொடியை நினைவூட்டும் ‘கபித்வஜ்’. முன்னது, நான்கு சக்கரங்களும் எஞ்சினால் உந்தப்படும் சிறு வண்டி. பின்னது, ஏறத்தாழ ஆளுயரமுள்ள நான்கு டயர்களைக் கொண்டு, சேறு, பனி, நீர் ஆகியவற்றைக் கடந்து செல்வது. இவ்வகை வண்டிகளின் ஆங்கிலப் பெயரை ‘அனைத்து நிலப்பரப்பு வாகனம்’ என்று சிலர் மொழிபெயர்க்கின்றனர். ‘எத்தரை வண்டி’ என்பது சுருக்கமாகவும் நாவுக்கு எளிதாகவும் இருக்குமென்று தோன்றுவதால் இக்கட்டுரையில் அவ்வாறே வழங்குவேன்.

டில்லியில் ஜனவரி மாதத்து அதிகாலை, பூஜ்யத்துக்கு மேல் ஆறு ஏழு டிகிரி அளவில் இருக்கும். தென்னாட்டிலிருந்து வந்த நமக்கு அது பெருங்குளிர். எஞ்சினுக்கோ அது ஒரு பொருட்டே அன்று. பொத்தானை அழுத்தியவுடன் கிளம்பிவிடும். அதே வண்டி லடாக்கில் நிற்கும்போது கதை வேறு. லே நகரில் ஜனவரி இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழ் 15 டிகிரி என்பது சாதாரணம். திராஸிலும் கிழக்கு லடாக்கின் உயர்ந்த முகாம்களிலும் அது 30 டிகிரி வரை இறங்குவதுண்டு. எத்தரையிலும் செல்லும் வண்டி, எக்குளிரிலும் கிளம்பும் வண்டி ஆகிவிடாது. மூச்சுத் திணறும் ஒருவரை உயரமான காவல் நிலையத்திலிருந்து இறக்க வேண்டிய அதிகாலையில் எஞ்சின் உறுமி அடங்கிவிடுமாயின், அது வெறும் யந்திரக் கோளாறு என்று சொல்லி முடித்துக்கொள்ளக்கூடியதன்று.

குளிரில் எஞ்சின் கிளம்பாமைக்குப் பெரும்பாலும் ஒரே பெருங்காரணம் இருப்பதில்லை. மின்கலத்தின் வலு குறைகிறது. மசகு எண்ணெய் தடித்து எஞ்சினைச் சுழற்றுவது கடினமாகிறது. சுழற்சி மெதுவாகவே உருளையினுள் வெப்பம் போதுவதில்லை. எரிபொருளும் ஆவியாக மறுக்கிறது. ஒவ்வொன்றும் தனியே வந்தால் எஞ்சின் தாங்கிக்கொள்ளும். நான்கும் ஒரே வேளையில் கைகோத்து வருவதே குளிரின் இயல்பு. ஆதலால் காலையில் சாவியைத் திருப்பும்போது செய்யக்கூடியது மிகச் சிறிது. வண்டி கிளம்புமா, கிளம்பாதா என்பது முந்திய மாலையிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

மலைமேல் சென்ற யந்திரங்கள்

நம் நாட்டில் இப்பிரச்சினை புதிதன்று. 1948-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள ஸோஜி லா கணவாயில், மேஜர் ஜெனரல் திம்மய்யாவின் திட்டப்படி 7-ஆவது குதிரைப்படைப் பிரிவின் ஸ்டூவர்ட் இலகு டாங்கிகள் பனிக்கிடையே ஏறிச் சென்றன. டாங்கிகள் அவ்வளவு உயரத்துக்கு வருமென்று எதிர்த்தரப்பினர் எண்ணியும் பார்க்கவில்லை. பால்தாலிலிருந்து கணவாய்க்கு இருந்த கோவேறுகழுதைத் தடத்தை டாங்கிகள் செல்லும் பாதையாக அகற்றிக் கொடுத்தவர்கள் மதராஸ் ஸாப்பர்கள் என்பதைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் எடுத்துச் சொல்லலாம். 1962 அக்டோபரில் ஏ.எம்.எக்ஸ்.-13 டாங்கிகள் ஆன்டனாவ்-12 விமானங்களில் ஏற்றப்பட்டு, 4,300 மீட்டர் உயரமுள்ள சுஷூலில் இறக்கப்பட்டன. 2020-ஆம் ஆண்டு முதல் டி-72, டி-90 டாங்கிகள் கிழக்கு லடாக்கில் குளிர்காலத்தைக் கழித்து வருகின்றன. அவற்றுள் பல, சென்னையை அடுத்த ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவானவை. ஆவடியில் மார்கழியிலும் போர்வை இன்றி உறங்கலாம்! யந்திரத்தை மலைமேல் ஏற்றுவது ஒரு சாதனை. அங்கே ஒரு குளிர்காலம் முழுதும் நாள்தோறும் கிளப்பி வைத்திருப்பது வேறொரு சாதனை. இரண்டாவதைப்பற்றி எழுதுவோர் குறைவு.

மின்கலம்

ஈய அமில மின்கலத்தில் மின்சாரம் பிறப்பது ரசாயன மாற்றத்தால். குளிர் மிகுந்தால் அம்மாற்றத்தின் வேகம் தளர்கிறது. பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரியில், 27 டிகிரியில் கிடைக்கும் கிளப்பு வலுவில் ஏறத்தாழப் பாதியே கிடைக்கும். அதே குளிரில் எஞ்சினைச் சுழற்றத் தேவைப்படும் வலுவோ பன்மடங்கு கூடிவிடுகிறது. வரவு பாதியாகவும் செலவு இரட்டிப்பாகவும் ஆன குடும்பத்தின் நிலைதான்.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. முழு மின்னேற்றம் பெற்ற கலத்தின் அமிலக் கரைசல் (ஒப்படர்த்தி 1.265) பூஜ்யத்துக்குக் கீழ் 57 டிகிரி வரை உறையாது. பாதி வடிந்த கலத்தில் ஒப்படர்த்தி 1.19 அளவுக்கு இறங்கிவிடும்; அது 24 டிகிரிக் குளிரை ஒட்டி உறையத் தொடங்கும். அறவே வடிந்த கலம் 10 டிகிரிக் குளிரிலேயே உறைந்து வெடித்துப் பிளக்கக்கூடும். மின்னேற்றம் முழுமையாக இருப்பதே கலத்துக்குப் போர்வை. உறைந்த கலத்தை மின்னேற்றவோ, வேறு வண்டியின் கலத்தோடு இணைத்துக் கிளப்பவோ ஒருபோதும் முயலலாகாது. அது வெடித்து அமிலம் கண்ணில் தெறிக்கும். சுவர் புடைத்துள்ளதா, உள்ளே பனிக்கட்டி தெரிகிறதா என்று பார்த்த பின்னரே கை வைக்க வேண்டும். எத்தரை வண்டிகளின் மின்கலம் மிகச் சிறியதாதலால், மாலையில் அதனைக் கழற்றிக் கூடாரத்துக்குள் கொண்டு செல்வதில் சிரமம் ஒன்றுமில்லை. அரை மணி நேரச் சோம்பலைத் துறந்தால், காலையில் இரண்டு மணி நேரம் மிச்சமாகும்.

எண்ணெயும் டீசலும்

மசகு எண்ணெயைப் பொறுத்தவரை விதி எளிது. எண்ணெய் டப்பாவின்மீது ‘டபிள்யூ’ என்னும் எழுத்துக்கு முன்னுள்ள எண் குளிர்காலத் தரத்தைக் குறிக்கும். சமவெளியில் நாம் வழக்கமாக ஊற்றும் 15டபிள்யூ எண்ணெய், எஞ்சினைச் சுழற்றவொட்டாத அளவு தடித்துவிடாதபடி சோதிக்கப்படுவது பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரியில். 5டபிள்யூ 30 டிகிரியிலும், 0டபிள்யூ 35 டிகிரியிலும் அவ்வாறே சோதிக்கப்படுகின்றன. லாரி சமவெளியிலிருந்து கிளம்புமுன்னரே எண்ணெயை மாற்றிவிட வேண்டும். லேயை அடைந்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்றால், குளிர்ந்து தடித்த பழைய எண்ணெய் சொட்டுச் சொட்டாக வடிவதற்குள் பொழுது போய்விடும்.

டீசலின் கதை இதைவிடச் சுவையானது. டீசல் ஒரே பொருளன்று. நீண்ட சங்கிலி போன்ற பாரபின் மூலக்கூறுகளும் அதில் கலந்துள்ளன. குளிரில் அவை மெழுகுத் துணுக்குகளாகத் திரள்கின்றன. முதலில் டீசல் கலங்கும். பிறகு மெழுகு வடிகட்டியை அடைக்கும். இறுதியில் எண்ணெய் முழுதும் கூழாகி நகர மறுக்கும். இதனை வகுப்பறையில் விளக்குவதற்குத் தேங்காயெண்ணெயே போதும். மலையூர்ப் பள்ளிகளில் மார்கழிக் காலையில், மற்ற ஊர்களில் பாத்திரத்தைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி, தேங்காயெண்ணெயை மெல்லக் குளிர்வித்துக் கலங்கத் தொடங்கும்போதே மெல்லிய துணியில் ஊற்றிப் பாருங்கள். பாத்திரத்தில் நன்றாகப் பாய்கின்ற எண்ணெய், துணியில் தயங்கி நிற்கும். பாத்திரத்தில் பாய்வதெல்லாம் வடிகட்டியில் பாயாது என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர். டீசல் தொட்டியைச் சாய்த்துப் பார்த்து ‘உறையவில்லை’ என்று தீர்மானிக்கும் ஓட்டுநரும் இச்சோதனையைச் செய்து பார்ப்பது நல்லது.

நம் நாட்டின் டீசலுக்கான ஐ.எஸ். 1460 தரவரையறை, எண்ணெய் பாயக்கூடிய கடைசி உஷ்ணநிலை குளிர்காலத்தில் 3 டிகிரிக்கும், கோடையில் 15 டிகிரிக்கும் மேற்படாதிருத்தல் வேண்டும் என்கிறது. சமவெளிக்கு இது போதும். லடாக்குக்கு எவ்வாறு போதும்? ஆகவே அங்குள்ளோர் நெடுங்காலமாக டீசலில் மண்ணெண்ணெயைக் கலந்து ஓட்டி வந்தனர். மண்ணெண்ணெயில் மெழுகு குறைவு, வண்டி ஓடும். ஆனால் டீசல் பம்ப்பின் நுண்ணிய பாகங்களுக்கு மசகாக இருப்பதும் டீசலே. மண்ணெண்ணெயில் அவ்வழுவழுப்புக் குறைவாதலால் பம்ப் தேய்கிறது, புகையும் மிகுகிறது. 2019-ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம், டில்லிக்கு வடக்கேயுள்ள பானிப்பட்டு சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்த குளிர்கால டீசலை லடாக்குக்கு அனுப்பத் தொடங்கியது. பூஜ்யத்துக்குக் கீழ் 33 டிகிரி வரை அது பாயும் தன்மையை இழக்காது. மண்ணெண்ணெய்க் கலப்புக்கு இனி நியாயம் இல்லை என்பது என் கருத்து, பி.எஸ். 6 தரத்து எஞ்சின்களில் அது பெருங்கேடு விளைவிக்கும். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. சமவெளியில் நிரப்பிய டீசல் தொட்டியில் பாதி இருக்க, அதன்மேல் குளிர்கால டீசலை ஊற்றினால் கிடைப்பது குளிர்கால டீசல் அன்று. மலையேறுமுன் தொட்டியையும் வடிகட்டியையும் பழைய எண்ணெய் நீங்கச் செய்ய வேண்டும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறிக் கட்டை கிடையாது. அமுக்கப்பட்ட காற்றின் வெப்பத்தாலேயே எண்ணெய் பற்றுகிறது. ஆசிரியர்கள் இதைக் கணக்காகவே கொடுக்கலாம். காற்று பதினாறில் ஒரு பங்காக அமுக்கப்படுகிறது என்போம். கசிவுகள் போக, அதன் தனி உஷ்ணநிலை ஏறத்தாழ 2.3 மடங்காகிறது எனக் கொள்க. சென்னையில் 27 டிகிரிக் காற்று, அதாவது 300 கெல்வின், 690 கெல்வின் ஆகிறது; அது 417 டிகிரி. பூஜ்யத்துக்குக் கீழ் 30 டிகிரியில் தொடங்கினால் 243 கெல்வின், 559 ஆகிறது. அது 286 டிகிரி. டீசல் தானே பற்றுவதற்கு 200 முதல் 250 டிகிரி வரையிலான எல்லையையேனும் தாண்டியாக வேண்டும். வலுவிழந்த மின்கலம் எஞ்சினை மெதுவாகச் சுழற்றினால், அமுக்கிய காற்று கசிவதற்கும் சுவரில் வெப்பத்தை இழப்பதற்கும் அவகாசம் கிடைத்துவிடும். மடங்கு 2.3-லிருந்து 2 ஆகக் குறைந்ததென்றால் கிடைப்பது 213 டிகிரியே. எஞ்சின் புகையை மட்டும் கக்கி நிற்பது இதனாலேதான். காற்றின் அழுத்தமோ லேயில் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு. 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங் லாவில் பாதியை ஒட்டியது. ஆகையால் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைவு.

எஞ்சினுக்கு முன்கூட்டியே வெப்பமூட்டும் சாதனம் இதனாலேயே விலைமதிப்புள்ளது. கானடாவின் மேற்கு மாகாணங்களில் கார் நிறுத்துமிடங்களிலேயே மின்செருகிகள் வைத்திருப்பர். இரவு முழுதும் எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும். அண்டார்க்டிகாவில் 1989 முதல் இயங்கிவரும் நமது மைத்ரி நிலையத்தாரும், பனிமேல் செல்லும் பிஸ்டன்புல்லி வண்டிகளை வெப்பமூட்டிய பின்னரே கிளப்புவர். மின்சாரம் இல்லாத மலை முகாம்களில் எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் கந்தலைக் கொளுத்திச் சூடாக்கும் வழக்கம் லாரி ஓட்டுநரிடையே உண்டு. அனுபவசாலிகள் கைக்கொண்ட முறை என்பதால் அதனை ஏளனம் செய்ய நான் விரும்பவில்லை. எனினும், சொட்டும் டீசலும் பிளாஸ்டிக் குழாய்களும் மின்கம்பிகளும் நிறைந்த இக்கால வண்டியின் அடியில் தீ மூட்டுவது, வண்டியைக் கிளப்பும் வழியன்று, கொளுத்தும் வழி. எஞ்சின்மேல் தடித்த போர்வை இட்டு, காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்துவதே பாதி வெற்றி.

மாலையும் காலையும்

மாலையில் வண்டி நின்றவுடன் எரிபொருள் தொட்டியை நிரப்பிவிட வேண்டும். தொட்டி காலியாக இருந்தால், உள்ளிருக்கும் காற்றின் ஈரம் இரவில் நீராகி, எண்ணெயின் அடியில் தங்கிப் பனிக்கட்டியாய்க் குழாயை அடைக்கும். குளிர்விக்கும் நீரில் எதிலீன் கிளைக்கால் சரிபாதி கலந்திருந்தால் பூஜ்யத்துக்குக் கீழ் 37 டிகிரி வரை கவலையில்லை. மிகுதியாக ஊற்றினால் மிகுந்த நலம் என்று சிலர் எண்ணுகின்றனர், அது தவறு. கலப்பற்ற கிளைக்கால் 13 டிகிரிக் குளிரிலேயே உறைந்துவிடும்! நீரோடு சேர்ந்தபோதுதான் அதற்கு அந்த ஆற்றல். அது நஞ்சு, ஆனால் இனிக்கும். குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும். புதிய டீசல் வண்டிகளில் புகையைத் தூய்மையாக்க ஊற்றும் யூரியாக் கரைசல் 11 டிகிரிக் குளிரில் உறையும். அது கண்டு அஞ்ச வேண்டாம். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் வண்டியில் உள்ள சாதனமே அதனை உருக்கிக்கொள்ளும். வெந்நீர் ஊற்றுவதோ வேறு எதையேனும் கலப்பதோ கூடாது. உறையும்போது விரிவதற்கு இடமிருக்குமாறு அத்தொட்டியை மட்டும் விளிம்பு வரை நிரப்பாமல் விட வேண்டும்.

ஈரமான பனியிலோ ஓடையிலோ வந்த வண்டியைக் கைப்பிரேக் போட்டு நிறுத்தினால், காலையில் பிரேக் கட்டை சக்கரத்தோடு ஒட்டி உறைந்திருக்கும். நிற்குமுன் பிரேக்கைச் சிலமுறை அழுத்தி ஓட்டி ஈரத்தை உலர்த்திவிட்டு, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல்லோ கட்டையோ முட்டுக் கொடுத்து நிறுத்துவது மேல். சக்கரங்கள் தரையோடு உறையாதபடி பலகைமேல் நிறுத்துவதும் நல்ல வழக்கம்.

காலையில் விளக்கு முதலிய மின்செலவுகள் யாவற்றையும் அணைத்துவிட்டு, டீசல் எஞ்சினானால் வெப்பக் கட்டை சூடேறும் வரை பொறுத்து, பின்னரே கிளப்ப வேண்டும். ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரை இயக்கலாகாது; அடுத்த முயற்சிக்கு முன் ஓரிரு நிமிஷம் இடைவெளி வேண்டும். அவ்விடைவெளியில் மின்கலம் சற்றே மீள்கிறது, மோட்டாரும் ஆறுகிறது. ஈதர் தெளித்துக் கிளப்பும் பழக்கம், வெப்பக் கட்டை உள்ள எஞ்சினில் உருளையையே பிளக்கக்கூடியது. சேதக் போன்ற பெட்ரோல் வண்டிகளில் எரிபொருளை அளந்து செலுத்துவது கணினியின் வேலையாதலால் வேகமிதியை மிதித்து மிதித்து எடுக்க வேண்டுவதில்லை. கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியானால் சோக்கை இழுத்துக் கிளப்பி, எஞ்சின் சூடேறச் சூடேறத் தளர்த்த வேண்டும்.

கிளம்பியவுடன் நெடுநேரம் நின்றவாறே ஓடவிடுவதும், உடனே விரைவதும் இரண்டுமே கெடுதி. நின்று ஓடும் எஞ்சின் மெல்லத்தான் சூடேறும். எரியாத எண்ணெய் உருளைச் சுவரைக் கழுவிவிடும். சில நிமிஷம் பொறுத்து, மெதுவாக நகர்த்தி ஓட்டினால், எஞ்சினோடு கியர்ப் பெட்டி, அச்சு, டயர் எல்லாம் சேர்ந்து சூடேறும். எத்தரை வண்டிகள் பலவற்றில் கியர்களுக்குப் பதிலாக ஒரு ரப்பர் பட்டையே ஆற்றலைச் சக்கரத்துக்குச் செலுத்துகிறது. குளிரில் விறைத்த பட்டையைத் திடீரென்று முறுக்கினால் வெடித்துவிடும். மாற்றுப் பட்டை ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.

டயர் அழுத்தம் பற்றி ஒரு சிறு வியப்பு. சமவெளியில் 30 டிகிரி வெயிலில் 30 பவுண்டு காற்று அடைத்த டயர், பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரியில் குறுகிச் சமவெளியிலேயே 23 பவுண்டு ஆகியிருக்கும். லேயில் வெளிக்காற்றின் அழுத்தமும் ஐந்து பவுண்டு குறைவாதலால் அளவுகருவி ஏறத்தாழ 28 காட்டும். இரண்டு விளைவுகள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று மறைக்கின்றன. உயர் வகுப்பு மாணவர்க்கு இதனைவிட நல்ல பயிற்சிக் கணக்கு கிடைப்பது அரிது.

வண்டியைவிட மனிதன் விரைவில் பழுதாவான். பூஜ்யத்துக்குக் கீழ் 30 டிகிரியிலும் பெட்ரோல் திரவமாகவே இருக்கும். அது கையில் சிந்தினால், குளிரோடு ஆவியாதலும் சேர்ந்து தோலை நொடியில் உறையச் செய்யும். எரிபொருள் ஊற்றும்போது எண்ணெய் புகாத கையுறை கட்டாயம். வெறுங்கையால் இரும்பைத் தொடலாகாது. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டுக் குளிர்காய்வோர், மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்ஸைடால் உறக்கத்திலேயே மாண்டுபோவர்.

வழியில் வண்டி நின்றுபோய், மூன்று முறை முயன்றும் கிளம்பவில்லையானால் நான்காவது முயற்சி வேண்டாம். மின்கலத்தில் எஞ்சியிருக்கும் மின்சாரம் கம்பியில்லாத் தந்திக் கருவிக்கும் விளக்குக்கும் உரியது. எஞ்சின்மேல் போர்வையை இட்டு, செய்தி அனுப்பிவிட்டு, வண்டியை விட்டு அகலாமல் காத்திருக்க வேண்டும். பனி பெய்துகொண்டிருக்கும்போது எஞ்சின் மறுபடி கிளம்புமாயின், உள்ளே அமர்வதற்கு முன் புகைபோக்கிக் குழாயின் வாயை மூடியுள்ள பனியை மண்வெட்டியால் அகற்ற வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை இறங்கி அதனை மீண்டும் பார்த்துவர வேண்டும்.